அந்த 10 கார்டுகளைத் திருப்பிக் கொடுங்கள்: பிஜிஏ டூர் கொள்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நான் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள விச்சிட்டாவில் வசிக்கிறேன். உங்கள் பிஜிஏ டூர் என்ற முதன்மைத் தொழில்முறை கோல்ஃப் தொடருக்கு ஒரு படி கீழே இருப்பது கோர்ன் ஃபெரி டூர். ஜூன் மாதம் எங்கள் ஊரில் நடக்கும் அதன் போட்டியான விச்சிட்டா ஓப்பனில் தன்னார்வலராக வேலை செய்பவன். 1990இல் பென் ஹோகன் டூர் என்ற பெயரில் இந்தச் சுற்று தொடங்கிய ஆண்டிலிருந்தே விச்சிட்டா ஓப்பன் அதில் இருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2024 நவம்பரில் நீங்கள் எடுத்த முடிவு என்ன செய்தது என்பது 2025 அக்டோபரில், இந்தியானாவின் பிரெஞ்ச் லிக்கில் சீசன் முடிந்தபோது தெரிந்துவிட்டது. கோர்ன் ஃபெரி டூரில் முன்னணியில் முடிப்பவர்களுக்கு அடுத்த சீசனில் பிஜிஏ டூரில் ஆடும் உரிமையைத் தருவது கார்டு. முந்தைய ஆண்டு 30 பேருக்குக் கிடைத்த அந்தக் கார்டு இந்த முறை 20 பேருக்குத்தான். அடுத்த 10 இடங்களில் இருந்தவர்கள் முந்தைய ஆண்டுக்காரர்களைவிட எந்த விதத்தில் குறைந்துபோனார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து பாருங்கள். 156 பேர் தொடங்கிய போட்டியில் முதல் 65 இடங்களுக்குள் வராதவர்களுக்கு அன்றோடு வேலை முடிந்தது. பரிசுப் பணம் ஒரு டாலர்கூடக் கிடையாது. ஒருவர் ஷூவைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, அங்கேயே விளிம்பில் உட்கார்ந்து, ஞாயிறு இரவுக்கு எடுத்திருந்த விமான டிக்கெட்டைச் செல்பேசியில் மாற்றிக்கொண்டிருப்பார். அதற்குத் தனிக் கட்டணம். பக்கத்தில் கேடி, அதாவது மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளர், நிற்பார். ஆட்டக்காரர் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் அவருக்கு வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். ஹோட்டல், வாடகைக் கார், சாப்பாடு எல்லாம் ஆட்டக்காரரின் கைக்காசுதான். ஜனவரியில் பஹாமாஸ், அப்புறம் பனாமா, பொகோட்டா, அர்ஜென்டினா, சிலி என்று அலைந்துவிட்டுத்தான் இவர்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். இவ்வளவையும் தாங்குவது சீசன் முடிவில் கிடைக்கக்கூடிய அந்த ஒரு கார்டுக்காக.

சாண்டர் ஷௌஃபலேயை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2016இல், இதே சுற்று வெப்.காம் டூராக இருந்தபோது, வழக்கமான சீசன் முடிவில் அவர் பண வரிசையில் 26ஆவது இடம். கார்டு 25 பேருக்கு. ஆயிரம் டாலருக்கும் குறைவான வித்தியாசத்தில் நழுவிவிட்டது. அப்போது அதற்குப் பின் ஃபைனல்ஸ் தொடர் இருந்தது, அதில் இன்னும் 25 கார்டுகள் இருந்தன. அங்கே ஒன்றைப் பிடித்து மேலே வந்தார். 2017இலேயே இரண்டு கோப்பைகள், பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம், 2024இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் பிரிட்டிஷ் ஓப்பனும். இன்று ஒருவர் 26ஆவதாக முடித்தால் அவருக்கு அந்த ஃபைனல்ஸும் இல்லை, 2024 வரை இருந்த 30 கார்டும் இல்லை. அதனால்தான் கேட்கிறோம்: அந்த 10 கார்டுகளைத் திருப்பிக் கொடுங்கள்.

சரி, ஆட்டக்காரர்கள் அதிகமானால் இருட்டுவதற்குள் அன்றைய ஆட்டம் முடிவதில்லை என்கிறீர்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சுமை முழுவதையும் கீழே இருப்பவர்களே ஏன் சுமக்க வேண்டும்? மேலே, பிஜிஏ டூரில், முன்னணி ஆட்டக்காரர்களுக்கான 2 கோடி டாலர் பரிசுத்தொகை சிக்னேச்சர் போட்டிகளில் எழுபது சொச்சம் பேர்தான் ஆடுகிறார்கள், பலவற்றில் பாதியில் ஆட்களை வெளியேற்றும் கட் என்பதே கிடையாது. முழு உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வருமான உத்தரவாதம் வேறு. கீழேயோ வாசல் மேல் வாசலாக அடைபடுகிறது. கார்டு இல்லாதவர்கள் ஒரு போட்டிக்குள் நுழைய அந்த வாரத் திங்கட்கிழமை நடக்கும் தகுதிச் சுற்றையும் சுருக்கிவிட்டீர்கள். 2010இல் அந்தத் திங்கட்கிழமைச் சுற்று வழியாக உள்ளே வந்துதான் அர்ஜுன் அட்வால் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்றார். பிஜிஏ டூரில் ஓர் இந்தியர் வென்ற முதல் கோப்பை அது. இங்கே இருக்கும் இந்தியர்கள் எத்தனையோ பேர் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளைக் கோல்ஃப் வகுப்பில் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது என்ன சொல்வது? எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

கோபத்தில் ஏதேனும் மிகையாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டிகளை நடத்துவதிலுள்ள சிரமங்கள் எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். பரிசுத்தொகையைக் கூட்டச் சொல்லவில்லை, செலவுக்குப் பணமும் கேட்கவில்லை. அடுத்த சீசனுக்கான விதிகளை எழுதும்போது 20 என்பதை மறுபடியும் 30 ஆக்குங்கள். அந்த முடிவை ஜனவரியில் முதல் போட்டி தொடங்குவதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விச்சிட்டா ஓப்பன் தன்னார்வலர் ஒருவர்