நனீட்டனில் நின்ற ரயில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வாட்சப்பில் அனுப்பினால் இரண்டு கோடும் நீலமாகிவிடுகிறது, பதில்தான் வரமாட்டேன் என்கிறது. போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் மெயில். ஆபீஸில் வைத்துப் படிக்காதே, வீட்டுக்குப் போய்ப் படி.

செவ்வாய்க்கிழமை நீ சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. லாரி பாலத்தில் இடித்து, பர்மிங்காமிலிருந்து நீ வந்த ரயில் நனீட்டன் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது, "கூட வேலை பாக்குறவங்க கார்ல கொண்டுவந்து விட்டாங்க" என்றாய். சரி, பத்திரமாக வந்து சேர்ந்தாயே, அது போதும். அம்மா உடனே சாப்பிட்டாயா என்று ஆரம்பித்தாள், பேச்சு ரசத்தில் போய் முடிந்தது.

அப்புறம் மேப்பில் போட்டுப் பார்த்தேன். நனீட்டனுக்கும் நீ குடியிருக்கிற ஹிங்க்லிக்கும் நடுவில் அந்த ஏ5 ரோடு, ரோமானியர் காலத்து வாட்லிங் ஸ்ட்ரீட், அதற்கு மேலே ரயில் பாலம். பிரிட்டனிலேயே அதிகம் இடி வாங்குகிற பாலம் என்று பெயரெடுத்ததாம். அப்படியானால் இது ஒரு நாளோடு போகிற விஷயம் இல்லை. நாளைக்கும் ஒருவன் இடிப்பான். கார்க்காரர்களுக்கான ஜிபிஎஸ்ஸை நம்பி வருகிறார்கள், பின்னால் மாட்டியிருக்கும் டிரெய்லரின் உயரம் டிரைவருக்கே தெரிவதில்லை. அங்கே 16 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்த பாலம் என்றால் உயரத்தை எழுதி வைக்கிறார்கள். எழுதி வைத்து என்ன? நம் ஊரில் மின்சார ரயில் பாதையின் லெவல் கிராசிங் கேட்டுகளுக்கு முன்னால் 4.67 மீட்டரில் இரும்பு வளைவே நட்டிருக்கிறார்கள், அதிலும் பாதி வைக்கோல் தொங்கிக்கொண்டுதானே நிற்கிறது.

லாரி இடித்தது என்று சொன்ன கையோடு, "பேரிங் நகந்திருக்குமாப்பா?" என்று கேட்டாய் பார், அன்றைக்கு முழுக்க எனக்கு அதே சந்தோஷம். தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் மகள் என்பது விட்டுப்போகுமா! கர்டர், அதாவது பாலத்தின் உத்திரம், உட்கார்ந்திருக்கிற அந்தத் தாங்கியைத்தான் பார்ப்பார்கள். பாலத்துக்கு ஏதும் ஆகாத மாதிரி தெரிந்தாலும், கர்டர் ஒரு அங்குலம் தள்ளினால் மேலே தண்டவாளம் வளைந்திருக்கும். தண்டவாளத்தோடு குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நேர்க்கோடு எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் கீழே போய், அடித்தட்டு மடங்கியிருக்கிறதா, கல்லில் விரிசலா என்று பார்க்க வேண்டும். ஆள் வந்து பார்த்துச் சொல்கிறவரை வண்டி விடக்கூடாது, விட்டாலும் முதலில் ஊர்ந்துதான் போக வேண்டும். அதனால் தாமதம் என்று அவர்களைத் திட்டாதே. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மட்டும் மறந்துபோகிறது.

இனி இப்படி ஆனால் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். வண்டி நின்றதும் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்துவிடாதே. மாற்று பஸ் விடுகிறார்களா, உன் டிக்கெட் வேறு கம்பெனி ரயிலிலோ ஊர் பஸ்ஸிலோ செல்லுமா என்று முதலில் கேள். பெரும்பாலும் செல்லும் என்று அறிவிப்பார்கள். நனீட்டனிலிருந்து உன் ஊருக்கு ஐந்து மைல்தான், பஸ் இருக்கிறது. கடைசி ரயிலும் போய் நீ மாட்டிக்கொண்டாய் என்றால், முடிந்தவரை உன்னை ஊர் சேர்ப்பதோ தங்க வைப்பதோ அவர்கள் பொறுப்பு, பயண நிபந்தனைகளிலேயே இருக்கிறது. அரை மணிக்கு மேல் தாமதம் என்றால் பணமும் திரும்பக் கேட்கலாம், 28 நாளுக்குள் எழுதிப் போட வேண்டும். டிக்கெட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள். செவ்வாய்க்கிழமைக்கும் கேள். பாதி வழி காரில் வந்தேனே என்று கூச்சப்பட்டு விட்டுவிடாதே.

பஸ் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே. ஒருவரைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை பார். அவர் வீடு நனீட்டனிலா, இல்லை பர்மிங்காமிலிருந்தே காரில் வந்தாரா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பர்மிங்காம் என்றால் அவ்வளவு தூரம் வந்து திரும்பிப் போயிருக்கிறார். பெட்ரோல் காசு கொடுத்தாயா? கொடுத்தால் வாங்கிக்கொள்கிற பழக்கமா, இல்லையா?

2013 பொங்கல் சமயம் ஞாபகம் இருக்கிறதா? கடற்படையின் பார்ஜ் படகு ஒன்று பாம்பன் பாலத்துத் தூணில் மோதி, ரயில் எல்லாம் மண்டபத்தோடு நின்றுபோனது. நான் ராப்பகலாகப் பாலத்து வேலையில் கிடந்தேன். லீவு முடிந்து நீ பஸ்ஸில் மண்டபம் போய், அங்கே ரயிலேறிக் காரைக்குடி சேர்ந்தாய். சேர்ந்ததும் போன் பண்ணி, பஸ்ஸில் யார் யார் கூட வந்தார்கள், சீட் பிடித்துக் கொடுத்தது யார், தங்கச்சிமடத்தில் ஏறிய டீச்சர் என்ன சொன்னார் என்று வரிசையாக ஒப்பித்தாய். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் 2022 டிசம்பரிலிருந்து புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை ஊருக்கே அதே கதிதான். பெட்டியோடு மண்டபத்தில் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத்தான் எல்லோரும் வந்தோம். உன் சின்ன அத்தை சாகக் கிடந்தபோதும் அப்படித்தான். சமாளித்தோமா இல்லையா? அதனால்தான் பஸ் என்கிறேன்.

வேறு சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னவன் பரீட்சை எழுதியிருக்கிறான். பின்கட்டு ஓடு மாற்றியாயிற்று. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. பரமக்குடி விஷயத்தை இந்த வீட்டில் இனி யாரும் எடுக்க மாட்டார்கள், அத்தையிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீ அதை மனதில் வைத்துக்கொண்டு எங்களிடம் எதையும் சொல்லத் தயங்க வேண்டாம். அன்றைக்கு நான் போட்ட சத்தம் வேறு, இப்போது இருக்கிற நான் வேறு. எதையும் என்றால் ரயில் விஷயம், ஆபீஸ் விஷயம், எதுவாக இருந்தாலும்.

ராத்திரி ஸ்டேஷனில் தனியாக நிற்காதே, ஆள் இருக்கிற பக்கம் நில். போனில் சார்ஜ் இருக்கட்டும். பஸ் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்.

உச்சிப்புளியிலிருந்து நல்ல கருப்பட்டி வந்திருக்கிறது. உனக்கு ஒரு கிலோ வெள்ளிக்கிழமை பார்சலில் போடுகிறேன். கொண்டுவந்து விட்டவருக்கும் ஒரு கிலோ போடச் சொல்கிறாள் அம்மா. அவள் எப்போது யோசித்தாளோ, எனக்குத் தெரியாது. அவர் கருப்பட்டி சாப்பிடுகிற ஊர்க்காரரா, என்ன பேர் எழுதிப் போடுவது என்று வியாழக்கிழமைக்குள் பதில் போடு. பார்சல் ஆபீஸில் பேர் இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா