சான் ஹோசே கதவைச் சாத்தியது யார்?

அன்புள்ள முரளி,

உன் மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் எங்கள் அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணி ஓக்லண்டை விட்டுப் போன கதையைத் தொடாமல் முடியாது. தொட்டால் உன்னோடு சண்டைதான் வரும். அதனாலேயே தள்ளிப்போட்டேன், மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். மூர்த்தி அண்ணனுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊறுகாய் பாட்டிலைப் பற்றி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்ட் கொலீசியம் மைதானத்தில் எங்கள் அணியின் கடைசி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பார்ட் ரயிலை விட்டிறங்கி அந்த நடைபாலத்தில் ஏறும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. 46,889 பேர். டெக்சாஸ் அணியை 3-2 என்று வென்றோம். ஆட்டம் முடிந்தும் இருக்கையை விட்டுப் போக யாருக்கும் மனமில்லை. மேலாளர் மார்க் காட்சே மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார். மைதானப் பணியாளர் ஒருவர் வேலியோரம் வந்து, ஒரு காகிதக் கோப்பையில் மண் அள்ளிக் கொடுத்தார். இப்போது அது ஹார்லிக்ஸ் பாட்டிலில் என் மேசைமேல் இருக்கிறது. சாய்த்தால் கரகரவென்று சரியும்; நடுவே ஒரு சூரியகாந்தி விதைத் தோலும் கிடக்கிறது. எந்த ஆட்டக்காரர் துப்பியதோ!

இனி சண்டைக்கு வருகிறேன். 1990 வாக்கில் உன் ஜயன்ட்ஸ் அணி சான் பிரான்சிஸ்கோவை விட்டு சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா பக்கம் போகத் துடித்தபோது, எங்கள் அணியின் அப்போதைய உரிமையாளர் வால்டர் ஹாஸ் ஒரு காசு கேட்காமல் அந்த வட்டார உரிமையை, அதாவது அங்கே அணி நடத்தும் உரிமையை, விட்டுக்கொடுத்தார். அங்கே மைதானம் கட்ட வாக்காளர்கள் மறுத்ததால் நீங்கள் போகவில்லை. ஆனால் உரிமை மட்டும் உங்கள் கையிலேயே தங்கிவிட்டது. பிறகு நாங்கள் சான் ஹோசே போக இடம் கேட்டபோது முடியாது என்றீர்கள். அந்த நகரமே பேஸ்பால் லீக்மேல் வழக்குப் போட்டது. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்ததோடு அந்த வழியும் அடைபட்டது. பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்த கொல்லையில் அவனையே கால்வைக்க விடாததற்கு என்ன பெயர், நீயே சொல்.

எங்கள் இப்போதைய உரிமையாளர்மேலும் ஓக்லண்ட் நகர நிர்வாகத்தின்மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் உன் அணியின் பங்கை நீ ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

1989 உலகத் தொடர் என்னும் பேஸ்பால் இறுதிப் போட்டியில் நாங்கள் 4-0 என்று உங்களைத் துடைத்தெடுத்ததை ஆயிரம் முறை சொல்லிக்காட்டியிருக்கிறேன். ஆனால் அக்டோபர் 17 மாலை 5:04-க்கு நிலம் குலுங்கி, சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லண்டையும் இணைக்கும் பே பாலத்தின் ஒரு துண்டு இடிந்ததே, அதைப் பற்றி மூர்த்தி அண்ணன் பேசத் தொடங்கினால் நாம் இருவருமே வாயடைத்துப்போவோம். அந்தப் பழைய பாலத்தின் இரும்பில்தான் 2018-இல் நம் இரண்டு அணிகளும் மோதும் ஆட்டங்களுக்கென்று கோப்பை செய்தார்கள். பாலத்துக்கு ஒரு கரையில் அணியே இல்லாதபோது அந்தக் கோப்பையை வைத்து என்ன செய்வது?

இப்போது எங்கள் அணி சாக்ரமெண்டோவில், ஜயன்ட்ஸின் துணை அணியான ரிவர் கேட்ஸ் ஆடும் சின்ன மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது. அடுத்து லாஸ் வேகாஸாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மனம் வரவில்லை.

நீ விட்டுப்போன கறுப்புத் தொப்பி என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த கோடையில் வந்தால் எடுத்துக்கொள். அதற்கு முன் சான் ஹோசே பற்றி உன் பதில் எனக்கு வந்தாக வேண்டும். மழுப்பாமல் எழுது.

அன்புடன்,
சேகர்