கண்காணிப்பது பள்ளியா, பிள்ளையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் உணவையும் உடற்பயிற்சியையும் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாகப் பள்ளிகளே நாள்தோறும் கண்காணிக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். கட்டுரையாளரின் அக்கறை உண்மையானது. ஆனால் அவர் காட்டும் வழி பிள்ளைகளுக்கு உதவாது என்று, மொரீசியஸின் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உறுதியாக எண்ணுகிறேன். தன் உணவையும் நடமாட்டத்தையும் பிள்ளை தானே பார்த்து, தானே எழுதி, தானே திருத்திக்கொள்ளப் பழக வேண்டும். அந்தக் கணக்கு பிறர் கைக்குப் போன மறுகணமே பொய்க் கணக்காகிவிடுகிறது. இதை நான் என் வகுப்பறையிலேயே கண்டேன்.

பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள நாடு நம்முடையது. நம் வீடுகள் பலவற்றில் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில், தாத்தாவோ பாட்டியோ தம் இரத்தச் சர்க்கரை அளவைத் தேதியிட்டு எழுதி வைத்திருக்கும் சிறு புத்தகம் ஒன்று இருக்கும். எழுதிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. நோய் வந்த பின்னரே அதைத் தொடங்குகிறோம் என்பதுதான் என் வருத்தம். நாட்டு அளவிலும் அளந்து பார்த்ததால் விளைந்த நன்மைக்குச் சான்று உண்டு. 1987-ஆம் ஆண்டு நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்புக்குப் பிறகு, மக்கள் மலிவு விலையில் வாங்கி வந்த ரேஷன் சமையல் எண்ணெயில் பெரும்பங்காக இருந்த பாமாயிலை நீக்கிச் சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது அரசு. 1992-இல் மீண்டும் அளந்தபோது மக்களின் சராசரி இரத்தக் கொழுப்பு அளவு தெளிவாகக் குறைந்திருந்தது. எண்ணெயை அரசு மாற்ற முடிந்தது. நீரிழிவு அவ்வாறு கட்டுப்படவில்லை, ஏனெனில் தட்டில் எதை எவ்வளவு இடுவது, எவ்வளவு நேரம் நடப்பது என்பவற்றை எந்த அமைச்சகமும் நமக்காக மாற்றித் தர இயலாது.

பணியிலிருந்த கடைசி ஆண்டுகளில், இறந்தகால வினைமுற்றுகளைக் கற்பிப்பதற்காக, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, நேற்று உண்டதையும் குடித்ததையும் ஓடி ஆடியதையும் நாள்தோறும் மூன்று வரிகளில் தமிழில் எழுதச் சொன்னேன். வீட்டில் கிரியோல் மொழி பேசும் பிள்ளைகளுக்கு ‘உண்டேன், குடித்தேன், நடந்தேன்’ என்பவை கைவர வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு அப்போது வேறு நோக்கம் இல்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு சிறுமி என் மேசையருகே வந்து, “சார், நான் நாலு நாளா ‘தண்ணீர்’ என்ற சொல்லை எழுதவே இல்லை” என்றாள். நான்கு நாளும் அவள் குடித்தது பாட்டில் பானமும் அலூடா என்னும் இனிப்புப் பால் பானமும்தான். யாரும் அவளுக்குச் சுட்டிக்காட்டவில்லை. தன் கையெழுத்திலேயே அதைக் கண்டுபிடித்தாள். டியூஷன் உள்ள மூன்று நாள்களிலும் தான் இரண்டு வேளை ரொட்டியே உண்டதையும் ஒரு நிமிடம்கூட ஓடியாடாததையும் இன்னொரு மாணவன் கவனித்தான். இத்தகைய கண்டுபிடிப்பு நூறு அறிவுரைகளுக்கு மேலானது என்று அன்று உணர்ந்தேன்.

அதன் பிறகு நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவன் கீரை உண்டதாக எழுதியிருந்ததை வகுப்பில் உரக்கப் படித்துப் பாராட்டினேன். மறுநாள் பாதி வகுப்பின் நோட்டுகளில் கீரை முளைத்திருந்தது. வெளியே வண்டியில் வாங்கிய காத்தோ பிமான் என்னும் மிளகாய்ப் பருப்பு வடையும் வறுத்த நூடுல்ஸும் எல்லா நோட்டுகளிலிருந்தும் மறைந்துபோயின. பிள்ளைகள் என்னை மகிழ்விக்க எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதற்குக் காரணம் நான்தான். அன்றிலிருந்து எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன். உண்டதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நோட்டுகள் மீண்டும் உண்மை பேச மூன்று வாரங்கள் ஆயின. செயலியில் பதிவாவதை ஆசிரியரும் பெற்றோரும் உடனுக்குடன் பார்த்து மதிப்பெண் இடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு அந்த மூன்று வாரங்களே நினைவுக்கு வந்தன.

பிள்ளைகளின் எடையையும் பதிய வேண்டும் என்று அவர் கூறியிருப்பது இன்னும் கவலை தருகிறது. நான் அறிந்த ஒரு பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, ஒவ்வோர் எண்ணையும் உரக்கச் சொல்லி எழுதினார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு பெண்குழந்தை அதற்குப் பின் பல நாள் மதிய உணவையே கொண்டுவரவில்லை. வளரும் வயதில் எடை கூடுவது இயல்பு. உயரத்தோடும் வயதோடும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். எடையையும் கலோரியையும் மாணவர் குறிப்பேட்டில் சேர்க்கவே கூடாது.

உடலுழைப்பின் கணக்கு இன்னும் எளிது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரே மூச்சில் 60 நிமிடம் வேண்டும் என்பதில்லை. இடைவேளையில் பந்து விளையாடிய 15 நிமிடமும் மேட்டுத் தெருவில் விரைந்து ஏறிய 10 நிமிடமும் சேர்ந்தே கணக்கு. 2005 முதல் நம் மாணவர்கள் பேருந்தில் கட்டணமின்றிச் செல்கிறார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரும் உதவி. அதைக் குறை கூற மாட்டேன். ஆயினும் இரண்டு நிறுத்தங்களுக்கு அப்பால் வீடு உள்ள பிள்ளையும் இருபது நிமிடம் நின்று பேருந்துக்குக் காத்திருப்பதைக் காண்கிறேன். பாதுகாப்பான நடைபாதை உள்ள இடங்களில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்ததை நோட்டில் குறித்துக்கொள்ளும் பிள்ளை, அடுத்த வாரமும் நடப்பான்.

குளிர்பானத்துக்கு ஒரு கணக்குப் பாடமே போதும். சாதாரண கோலா 100 மில்லியில் 10 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை உள்ளது என்பதைப் பாட்டிலின் ஒட்டுத்தாளிலேயே படிக்கலாம். அரை லிட்டர் என்றால் ஐந்தால் பெருக்க வேண்டும். நாளுக்கு 2,000 கலோரி உண்ணும் பெரியவர் ஒருவருக்கே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச வரம்பு 50 கிராம்தான் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளில் இத்தகைய பானங்களை 2009-ஆம் ஆண்டின் விதிகள் விலக்கிவிட்டன. வாசலுக்கு வெளியே அந்த விதி செல்லாது. அங்கே பிள்ளையின் அறிவே காவல்.

தமிழாசிரியர்களையும் திருக்கோயில்களின் மாலைத் தமிழ் வகுப்புகளை நடத்துவோரையும் நான் வேண்டுவது இதுதான். ஆண்டு முழுவதும் எழுதச் சொன்னால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். தவணைக்கு இரண்டு வாரம் போதும். என்ன குடித்தேன், காய்கறியோ பழமோ எத்தனை முறை உண்டேன், எத்தனை நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடினேன் என்ற மூன்றை மட்டும், மறப்பதற்கு முன் அன்றிரவே எழுதட்டும். முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதட்டும். இரண்டாம் வாரம் தன் நோட்டைத் தானே படித்து, ஒன்றே ஒன்றைத் தேர்ந்து மாற்றட்டும். நோட்டை யாருக்குக் காட்டுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வீட்டில் சர்க்கரைப் புத்தகம் எழுதும் பாட்டி இருந்தால் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதலாம். என் வகுப்பில் ஒரு மாணவன் அப்படித்தான் செய்தான், பாட்டிக்கும் நாள் தவறாமல் அளக்கும் பழக்கம் வந்தது.

தைப்பூசக் காவடிக்காக நம் குடும்பங்கள் பத்து நாள் விரதம் இருக்கின்றன. அந்த நாள்களில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒரு கவளத்தை வாயில் வைக்கும் முன் ‘இதை உண்ணலாமா’ என்று கேட்கிறது. பதினோராம் நாள் அந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது. பள்ளி ஆண்டு தொடங்கும் காலமும் அதுவே. ஆகவே, அடுத்த தைப்பூசத்துக்கு முந்தைய இதழில், மேற்சொன்ன மூன்றையும் பதினான்கு நாள்களுக்கு எழுதக் கட்டங்கள் கொண்ட வெற்றுப் பக்கம் ஒன்றைப் பிள்ளைகள் வெட்டி எடுத்துக்கொள்ளும் வகையில் தாங்கள் அச்சிட்டுத் தர வேண்டுகிறேன். அதன் மாதிரியை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காத்தர் போர்ன், மொரீசியஸ்