இரட்டை ஆற்றல் சிடி: வெள்ளீயத் தகட்டைப் பற்றிக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரகக் கல் யூரிக் அமிலமா கால்சியமா என்று பார்க்க இரட்டை ஆற்றல் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "ரெண்டு மடங்கு கதிர்வீச்சா?" என்றுதான் நம்மவர் பலர் முதலில் கேட்கிறார்கள். அப்படியில்லை. ஒரே இடத்தைக் குறைந்த, கூடிய என இரு ஆற்றல் கொண்ட எக்ஸ்-கதிர்க் கற்றைகளால் படமெடுத்து, இரண்டிலும் தெரியும் வேறுபாட்டால் பொருளை இனங்காணும் முறை இது. சாதாரண ஸ்கேனுக்கு உரிய அளவையே இரு கற்றைகளுக்கும் பங்கிடுகிறார்கள். பங்கிட்டது வீணாகிறதா என்பதைத்தான் மருத்துவமனைகள் கவனிக்க வேண்டும்.

இரு குழாய் இயந்திரத்தில் ஒரு எக்ஸ்-கதிர்க் குழாய் 80 கிலோவோல்ட்டிலும் மற்றது 140-இலும் இயங்கும். 80 கிலோவோல்ட் கற்றையின் சராசரி ஆற்றல் 52 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (கதிர்த் துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். 140 கிலோவோல்ட் கற்றையின் சராசரியோ 70-ஐத் தாண்டுவதே அரிது. ஆக, அதன் பெரும்பகுதி 80 கற்றையின் எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. அந்தப் பகுதி உடலில் கதிர்வீச்சைச் சேர்க்கும், பொருளைப் பிரித்தறிய உதவாது. 140 குழாயின் முன் 0.4 மில்லிமீட்டர் வெள்ளீயத் தகடு வைத்தால் அந்தப் பகுதி வடிகட்டப்பட்டு, சராசரி 90-ஐ நெருங்கும். இரு படங்களிலும் அயோடின் (உறுப்புகள் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்தில் உள்ளது) காட்டும் அடர்த்தியின் விகிதம் 2-இலிருந்து 3-ஐ நோக்கி உயரும். பொருளைப் பிரித்தறியும் கணக்கில் இரைச்சல் (படத்தின் புள்ளிக் கலக்கம்) குறைவதால் அதே தரத்தைக் குறைந்த கதிர்வீச்சில் எட்டலாம். 150 கிலோவோல்ட் குழாய்களில் 0.6 மில்லிமீட்டர் வைக்கிறார்கள்.

தகடு கற்றையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஈடுகட்ட மில்லிஆம்பியரை, அதாவது குழாயின் மின்னோட்டத்தை, கூட்ட வேண்டும். பருமனானவர்களின் வயிற்றில் தட்டுப்பாடு முதலில் வருவதோ 80 கிலோவோல்ட் பக்கத்தில். ஃபோட்டான்கள் (கதிர்த் துகள்கள்) உணரியை எட்டாமல் படம் கோடு கோடாகிவிடும். 80-ஐ 100 ஆக்குவதே அதற்கு வழி. எதிர்ப்பக்கம் வெள்ளீயம் இருப்பதால்தான் 100-லும் போதிய பிரிவு கிடைக்கிறது. தகடில்லாத பழைய இயந்திரத்தில் இதை முயல்வது வீண்.

ஒரே குழாயில் மின்னழுத்தத்தை மின்னல் வேகத்தில் மாற்றும் இயந்திரங்களில் இந்த வசதி இல்லை. அந்த வேகத்துக்குத் தகட்டை மாற்ற முடியாதே!

நடைமுறையில் தவறுவது பெரும்பாலும் மென்பொருளில். தகடு உள்ள கற்றைக்கும் இல்லாததற்கும் விகித எண் (கல்லின் வகையைப் பிரிக்கும் எல்லை) வேறு. பழைய எண்ணை அப்படியே விட்டால் யூரிக் அமிலக் கல் கால்சியமாகத் தெரியக்கூடும், சிகிச்சையும் மாறிப்போகலாம். குழாய் மாற்றிய பிறகு அரைமதிப்புத் தடிமனையும் (கற்றையைப் பாதியாகக் குறைக்கும் உலோகத் தடிமன்), தெரிந்த செறிவுள்ள அயோடின் குப்பிகளையும் அளந்து பார்ப்பது நல்லது. தகடுள்ள இரு குழாய் இயந்திரங்களில் இரண்டாம் குழாயின் பார்வைப் பரப்பின் விட்டம் 33, 35 சென்டிமீட்டர் அளவுதான். நோயாளியை நடுவில் கிடத்தாவிட்டால் ஓரத்தில் உள்ள உறுப்புக்குப் பொருள் தகவலே கிடைக்காது.

புதிய இயந்திரம் வாங்குவோர் விற்பனையாளரிடம் தகட்டின் தடிமனைக் கேட்கட்டும். ஒரே இரைச்சல் அளவில் ஒற்றை ஆற்றலுக்கும் இரட்டை ஆற்றலுக்கும் மொத்த சிடிடிஐ (ஸ்கேனரின் கதிர்வீச்சு அளவுக் குறியீடு) எவ்வளவு என்றும் எழுத்தில் வாங்கட்டும். அது 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள போலி உடலில் (உடலுக்குப் பதிலான பிளாஸ்டிக் உருளையில்) அளந்ததா, 16-இலா என்பதையும் பார்க்க வேண்டும். அதே கற்றைக்கு 16-இல் ஏறக்குறைய இருமடங்கு காட்டும்.

இப்படிக்கு,
மருத்துவப் படமெடுப்புத் துறையினர்,
சிங்கப்பூர்