விசிறி பிடித்தவள் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஓவியர் அம்ரிதா ஷெர்கில் பற்றிய கட்டுரையோடு, ‘கயிற்றுக் கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்’ ஓவியத்தையும் வெளியிட்டிருந்தீர்கள். மகிழ்ச்சியோடு பக்கத்தைத் திருப்பினேன். படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து விசிறி பிடித்திருப்பவளை வெட்டிவிட்டீர்களே!

டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் அந்த ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். கோரக்பூர் பக்கம் சரயாவில் வாழ்ந்தபோது, 1940-இல் ஷெர்கில் வரைந்தது. மறு ஆண்டு டிசம்பரில், 28 வயதிலேயே லாகூரில் இறந்துபோனார். படுத்திருப்பவளின் உடை சிவப்பு, கட்டில் கால்களும் சிவப்பு. சென்னிமலையில் போர்வை நெய்யும் வீட்டில் பிறந்தவள் நான். சாயத்தொட்டியிலிருந்து தூக்கும்போது ஈர நூலில் தெரிகிற சிவப்பு அது. காய்ந்தால் அந்த நிறம் நிற்காது.

எங்கள் வாசலிலும் வேப்ப மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா தறியை விட்டு வந்து அதில் சாய்வார். அம்மா நிலைப்படிக்கு உள்ளே ராட்டை முன் உட்கார்ந்து, தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவார். கண் சொக்கும், தலை மெல்ல முன்னால் சாயும், கை மட்டும் நிற்காது. நூல் அறுந்து ராட்டை வெறுமனே சுற்றும்போதுதான் திடுக்கிட்டு விழிப்பார். பகலில் அம்மா அந்தக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து நான் பார்த்தது காய்ச்சலில் கிடந்தபோது மட்டும். அப்போதும், உள்ளே அப்பத்தா கூப்பிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தார்.

அதனால்தான் அந்த ஓவியத்தில் என் கண் முதலில் விசிறிக்காரியிடம் போனது. படுத்திருப்பவளின் தனிமையைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் உருகி எழுதியிருக்கிறார். அவள் தனியாக இல்லையே. பக்கத்தில் ஒருத்தி கை ஓயாமல் இருக்கிறாள். 1937-இல் தெற்கே பயணம் வந்துபோன பிறகு, சந்தைக்குப் போகும் கிராமத்து மக்களையே பெரிய ஓவியமாகத் தீட்டியவர் ஷெர்கில். உழைக்கிறவர்களை இடம் நிரப்புவதற்காக ஓரத்தில் போடுகிறவர் அல்லர்.

அடுத்த இதழில் அந்த ஓவியத்தை இரண்டு பெண்களோடும், வண்ணத்தில் வெளியிட வேண்டுகிறேன். முடிந்தால் நடுப்பக்கத்தில் பெரிதாகப் போடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டும், அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னிமலை.