மலை ஊர் நூலகங்களில் மலையேற்றப் புத்தகங்கள் வேண்டும்

நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள பொது நூலகங்களுக்குப் புத்தகம் தேர்வு செய்வோருக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். மலையேற்றம், மலைநடை, பாறை ஏறுதல் பற்றிய புத்தகங்களுக்கென்று நம் மலை ஊர் நூலகங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். தமிழில் உள்ளவற்றை வாங்குங்கள். இல்லாதவற்றை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேற்றம் போய்க் காட்டுத்தீயில் சிக்கியவர்களை நாம் யாரும் மறக்கவில்லை. அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் அரசே 40 தடங்களைத் திறந்தது. அவலாஞ்சியிலிருந்து கொலரிபெட்டா, கரிக்கையூரிலிருந்து பொறிவரை என்று நம் பக்கத்துத் தடங்களும் அதில் உண்டு. நடக்க வருகிறவர்கள் பலரும் கைப்பேசியில் அரை நிமிடக் காட்சியாக மலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வருகிறார்கள். உச்சியில் கைவிரித்து நிற்பது மட்டும் அதில் தெரியும். எப்படி இறங்கினார்கள் என்பது புத்தகத்தில்தான் இருக்கிறது.

1950 ஜூன் 3 அன்று அன்னபூர்ணா உச்சியைத் தொட்டவர் மோரிஸ் ஹெர்சாக். இறங்கும்போது கையுறைகள் நழுவி உருண்டு போயின. உறைபனியில் விரல்களைப் பறிகொடுத்து, மருத்துவமனையில் படுத்தபடி வாயால் சொல்லி எழுதவைத்ததுதான் அவருடைய நூல். 1996 மே மாதம் எவரெஸ்டில் புயலில் 8 பேர் இறந்தார்கள். அன்று அந்த மலையில் இருந்த அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிராக்கவர், குறித்த நேரத்துக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு எப்படிக் கைவிடப்பட்டது என்று எழுதியிருக்கிறார். இமயத்துக்கு மட்டுமான பாடமா இது? கொலரிபெட்டாச் சரிவில் பிற்பகல் மேகம் இறங்கி வழி மறையும்போதும், மேலே போவதா திரும்புவதா என்று யாரோ ஒருவர் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம் மொழிக்கு இந்த எழுத்து புதிதல்ல. சங்கப் பாட்டான, 583 அடி கொண்ட மலைபடுகடாமில் பெரும்பகுதி, நடந்து வந்த ஒருவன் நடக்கப்போகிறவர்களுக்குச் சொல்லும் வழிக்குறிப்பு. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்தபின் போங்கள் என்கிறான். யானையை விரட்ட எறியும் கவண்கல் பறந்து வரும், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள் என்கிறான். பாசி படிந்து கால் வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் நாணலையும் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறான். இந்த அலமாரியில் முதலில் வைக்க வேண்டியது, நல்ல எளிய உரையோடு கூடிய இந்தப் பாட்டைத்தான்.

அதே பாட்டில் தேன் எடுக்க மலையில் சார்த்திய ஏணியும் வருகிறது. நீலகிரிக் குறும்பர் இன்றும் பாறை முகப்பில் கொடியேணியில் இறங்கி மலைத்தேன் எடுக்கிறார்கள். மேலே கொடியைக் காக்க மைத்துனன் நிற்பது வழக்கம். கயிற்றை யார் கையில் கொடுப்பது என்பதை இவ்வளவு கவனமாக முடிவு செய்த பாறை ஏறிகளின் அனுபவம் அவர்கள் சொல்லாகவே அச்சில் வர வேண்டும். எவரெஸ்ட் உச்சியை ஹிலாரியோடு முதலில் தொட்ட டென்சிங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்ல இன்னொருவர் எழுதி அவருடைய தன்வரலாறு வந்தது. குறும்பர், இருளர், பழனி மலைப் பளியர் ஆகியோரிடமும் அப்படி உட்கார்ந்து கேட்டு எழுதலாமே? அவர்கள் பெயர் அட்டையில் வர வேண்டும், உரிமைத்தொகை அவர்கள் கைக்குப் போக வேண்டும். தேன்பாறைகள் இருக்கும் இடத்தை மட்டும் அச்சிடாதீர்கள்.

இன்னொன்று. இந்தப் புத்தகங்களைப் பூட்டி வைத்து, அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லாதீர்கள். தடங்களில் வழிகாட்டியாகப் போகும் உள்ளூர் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போக வழி செய்யுங்கள். பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக்காகத் தடங்கள் மூடப்படும்போது அவர்களுக்கு வேலை இல்லை, படிக்க நேரம் உண்டு. வரும் பிப்ரவரிக்குள் முதல் அலமாரியாவது வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர் ஒருவர்