ஆறாம் ஆண்டுப் பயிற்றிக்கு முன், இரண்டாம் ஆண்டு இடமதிப்பு
பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே, வணக்கம்.

புதிய கல்வியாண்டு பிறக்கும்போதெல்லாம் உங்கள் செயற்குழுவில் கணிதப் பயிற்றிகளுக்கு (பயிற்சி நூல்களுக்கு) எவ்வளவு ஒதுக்கலாம் என்ற பேச்சு வரும். பெரும்பங்கு ஆறாம் ஆண்டுக்கே போகும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த அரசுப் பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் கைவிடப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. இம்முறை அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதல் மூன்று ஆண்டுகளுக்கு, அதிலும் இடமதிப்புக்கு, அதாவது நிற்கும் இடத்தைப் பொறுத்து இலக்கத்தின் மதிப்பு மாறும் என்ற பாடத்துக்கு, ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

503 − 267. மூன்றாம் ஆண்டு வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 364 என்று விடை எழுதும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். மூன்றில் ஏழு போகாது. அதனால் ஏழில் மூன்றைக் கழித்து 4. சுழியத்தில் ஆறு போகாது, ஆறையே எழுதிவிடுகிறது. ஐந்தில் இரண்டு போனால் 3. எல்லா இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இது கவனக்குறைவு அன்று. தனக்குத் தெரிந்த ஒரே விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு ஐந்நூற்று மூன்று என்ற தொகை தெரியவில்லை; பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று இலக்கங்கள்தாம் தெரிகின்றன. ‘கவனமாகச் செய்’ என்று சிவப்பு மையில் எழுதி என்ன பயன்? இதே போன்ற கணக்குகள் நிறைந்த பயிற்றியைக் கையில் கொடுத்தால், பக்கத்துக்குப் பக்கம் அந்தத் தவறுதான் வேரூன்றும்.

‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுத்தாலும் இந்தக் கணக்கில் பிள்ளை திகைத்து நிற்கும். பத்தின் இடத்தில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லையே!

மேசைமேல் விளையாட்டுப் பணத்தை வையுங்கள். ஊதா நிற நூறு வெள்ளி (ரிங்கிட்) தாள் ஐந்து, நீல நிற ஒரு வெள்ளித் தாள் மூன்று. (5, 20, 50 வெள்ளித் தாள்களை முதலிலேயே எடுத்துவிட வேண்டும், இந்தப் பாடத்தில் அவை குழப்பத்தையே தரும்.) 267 வெள்ளி கொடு என்று கேளுங்கள். ஏழு வெள்ளி கொடுக்கச் சில்லறை போதவில்லை. மாற்றுவதற்குப் பத்து வெள்ளித் தாளும் இல்லை. சற்று நேரம் விழித்துவிட்டு, நூறு வெள்ளியை மாற்ற வேண்டும் என்று பிள்ளையே சொல்லும். அவசரப்பட்டு நாம் சொல்லிவிடக் கூடாது. ஒரு நூறு, பத்துச் சிவப்புத் தாள்களாகிறது. அவற்றில் ஒன்று, பத்து ஒற்றை வெள்ளிகளாகிறது. இப்போது கையில் இருப்பவை நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. எண்ணிப் பார்த்தால் அதே 503 வெள்ளி. இனிக் கழிப்பது எளிது: 236. அதே கணக்கை எழுதிக் கழிக்கும்போது சுழியத்துக்கு மேலே ஏன் 9 வந்தது என்று பிறகு கேளுங்கள். தாள்களைத் தொட்டுக் காட்டி விடை சொல்லும்.

சுழியம்தான் பெரிய இடறல். நம் பழந்தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. 503-ஐ ௫௱௩ என்று எழுதினார்கள். பத்து இல்லையென்றால் அதை எழுதவே வேண்டியதில்லை. இன்றைய முறையில் இலக்கம் நிற்கும் இடமே மதிப்பைச் சொல்வதால், காலியான இடத்தைச் சுழியம் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. மனித இனம் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டு வந்தடைந்த கருத்து இது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சில வாரங்களாவது கொடுப்போம். இங்கே தவறவிட்ட பிள்ளைதான் பிறகு 612-ஐ 6-ஆல் வகுத்து 12 என்கிறது. 23-ஐ 14-ஆல் பெருக்கும்போது இரண்டாம் வரிசையை இடம் தள்ளி எழுத மறந்து 115 என்கிறது.

நம் பாடத்திட்டத்தையும் பாருங்கள். முதலாம் ஆண்டில் 100 வரை, இரண்டாம் ஆண்டில் 1,000 வரை, மூன்றாம் ஆண்டில் 10,000 வரை என்று ஆண்டுக்குப் பத்து மடங்காக ஏறி, ஆறாம் ஆண்டில் ஒரு கோடிக்கு, அதாவது பத்து மில்லியனுக்குப் போகிறது. பத்து ஒன்று சேர்ந்தால் ஒரு பத்து, பத்துப் பத்து சேர்ந்தால் ஒரு நூறு என்ற உறவு பிடிபட்ட பிள்ளைக்கு ஒவ்வோர் ஆண்டும் ஓர் இடம்தான் புதிது. பிடிபடாத பிள்ளைக்கு ஒவ்வோர் ஆண்டும் எல்லாமே புதிது. ஆறாம் ஆண்டில் கூடுதல் வகுப்பு வைத்து இதைச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுவது பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் செய்யும் கொடுமை.

வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் முதலிரண்டு ஆண்டுகளில் வேகக் கணக்குப் போட்டிகள் வேண்டாம். அந்தப் பரிசுப் பணத்தில் ஐஸ்கிரீம் குச்சிகளும் ரப்பர் வளையங்களும் வாங்கிக் கொடுங்கள். பத்துப் பத்தாகக் கட்டவும் தேவைப்படும்போது அவிழ்க்கவும் பிள்ளைகளின் கைகள் பழகட்டும். விளையாட்டுப் பணத்தை அச்சடிக்கப் பெரிய செலவு ஆகாது. மாநிலத்தில் இருப்பவை 28 தமிழ்ப்பள்ளிகள். ஒரு சங்கம் அச்சிட்டால் மற்றவை பகிர்ந்துகொள்ளலாம்.

பெற்றோரையும் ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளிக்கு அழையுங்கள். அறிவுரை கூறுவதற்காக வேண்டாம். பிள்ளைகள் செய்யும் அதே வேலையை அவர்களும் செய்து பார்க்கட்டும். வகுப்பில் ஒரு வழி, வீட்டில் அம்மா அப்பா சொல்லும் வழி வேறு என்றால் நடுவில் தடுமாறுவது பிள்ளைதான்.

எல்லா வகுப்புகளுக்கும் பணம் போதாதென்றால் இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள். நூற்றைப் பத்துகளாக மாற்றிக் கழிக்கும் வேலை அங்கேதான் வருகிறது. குறைநீக்கல் வகுப்பு ஆசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்
பட்டர்வொர்த், பினாங்கு